கழுதை விட்டை எருவும் நாடுதோறும் நேரிடும் தழைச்சத்துச் சேதமும்

"கழுதை விட்டையானாலும் கை நிறைய வேண்டும்" என்று பேராசைக்காரரை எள்ளிச் சொல்வது வழக்கம். எருவின் கணக்கை அறிந்தவர்க்கு இப்பழமொழியில் எள்ளுதற்கு ஒன்றுமில்லை. கை நிறையக் கிடைத்ததில் எவ்வளவு நிலத்திற்குப் போய்ச் சேருகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

விருதுநகர் ஜில்லா, காரியாபட்டித் தாலுகாவைச் சேர்ந்த மல்லாங்கிணற்றிலும் சுற்றுக் கிராமங்களிலும் வானம் பார்த்த புஞ்சைகள் மிகுதி. பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, மக்காச்சோளம், பயறு வகைகள், மல்லி ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. உழவுக்கு டிராக்டர் வந்த பின்னர் வீட்டிற்கு ஒரு ஜோடி எருது என்ற நிலை மாறிற்று. அதனோடு குப்பைமேடும் சிறுத்தது. ஆட்டுக்கிடை போடுவதற்குப் பணமும் கொடுத்து முறைக்கும் காத்திருக்கும் குடியானவர், ஊர்ப்புறத்தில் சலவைத் தொழிலாளர் வீட்டருகே கட்டியிருக்கும் கழுதைகளின் விட்டையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பகைவர் நாட்டைப் பாழ்படுத்தக் கழுதை ஏர் பூட்டி உழுததாகப் புறநானூற்றில் காண்கிறோம். அந்தப் பழைய இழிவு இன்னும் அப்பிராணியின் எருவை விட்டு நீங்கவில்லை போலும்.

ஒரு கழுதையின் கணக்கு

கழுதை அசைபோடாத பிராணி. அது தின்ற தட்டையும் புல்லும் பெருங்குடலிற்கு முன்னுள்ள பையில் நொதித்துச் செரிக்கின்றன. ஆதலால் விட்டையில் நார் மிகுதி. ஈரம் மாட்டுச் சாணத்தைவிடக் குறைவு. உருண்டைகளுக்கிடையே காற்று தாராளமாய்ப் புகும். இப்படிப்பட்ட எரு குவித்த சில நாட்களிலேயே சூடேறும். குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் பனிக்காலத்தில் நாற்றுப் பாத்திக்கு அடியில் குதிரை எருவைப் பரப்பி வெப்பமூட்டி வந்தது இக்குணத்தைக் கொண்டே. அங்கே பயன்படும் அச்சூடு இங்கே தீங்காய் முடிகிறது. சூடேறும் எருவிலிருந்து தழைச்சத்து ஆவியாய்ப் போகும்.

தட்பவெப்ப மாறுதலை ஆராயும் அரசுகளிடைக் குழு 2006ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு நெறிகளின்படி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கழுதை, கோவேறு கழுதை இனங்கள் 1000 கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.46 கிலோ தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைக் கழிக்கின்றன. கழுதையின் எடையை 130 கிலோ என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம். ஆண்டுக்கு 22 கிலோவிற்குச் சற்றுக் குறைவு. 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. எனவே ஒரு கழுதை ஆண்டு முழுவதும் கழிப்பது ஒரு மூட்டை யூரியாவிற்குச் சற்று மேற்பட்டது. மானாவாரிச் சோளத்திற்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து இடும்படி சிபார்சு உண்டு. ஏக்கருக்கு அது 16 கிலோ ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இப்பிராணியை எள்ளுவதற்கு நா எழாது.

எனினும் இந்த 22 கிலோவும் ஒரே தன்மையது அன்று. விட்டையில் உள்ளது நாரோடும் நுண்ணுயிரோடும் பிணைந்து, மக்கிய பின்னரே மெல்ல மெல்லப் பயிருக்குக் கிடைக்கும். சிறுநீரில் உள்ளதோ பெரும்பாலும் யூரியாவே. கடையில் வாங்கும் யூரியாவிற்கும் அதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை. நல்ல தீனி தின்னும் பிராணியில் தழைச்சத்தின் பாதிக்கு மேல் சிறுநீரிலேயே வெளிப்படும். விட்டையை மட்டும் கூட்டிக் கூடையில் அள்ளுகிறவர் விரைவில் பலன் தரும் பாகத்தைத் தரையிலேயே விட்டுவிடுகிறார் என்பது இதனால் விளங்கும்.

நாடுகளின் பட்டியல்

ரோமாபுரியிலுள்ள ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பிராணியின் எருவிலிருந்து எவ்வளவு தழைச்சத்து ஆவியாகிறது, எவ்வளவு நீரோடு கசிந்து போகிறது என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. கழுதைக்கும் அதில் தனி இடம் உண்டு. அதைப் பார்ப்பவர்க்கு, உலகில் கழுதைகள் மிகுதியாயுள்ள எதியோப்பியா பெருஞ்சேதம் விளைவிக்கும் நாடாகவும், இந்தியா சிக்கனமுள்ள நாடாகவும் தோன்றும். அவ்வாறு எண்ணுதல் தவறு.

அப்பட்டியல் வயலில் அளந்து எழுதப்பட்டதன்று. கழுதைகளின் எண்ணிக்கையை மேற்கூறிய விகிதங்களால் பெருக்கி வருவித்தது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கழுதைகள் 1.2 லட்சம், 2012இல் 3.2 லட்சம் இருந்தவை ஏழாண்டில் நூற்றுக்கு 61 வீதம் குறைந்தன. அதே காலத்தில் பாகிஸ்தானின் கழுதைகள் ஏறக்குறைய 54 லட்சம். இரு நாட்டிற்கும் கழிவு விகிதம் ஒன்றே. ஆகவே எருவைக் கழுதை கழிப்பதில் பாகிஸ்தானின் கணக்கு இந்தியாவினதைப்போல் 45 மடங்கு வருவதற்குக் காரணம் தலை எண்ணிக்கையே. எருவைப் பேணும் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவின் கணக்கு 2012க்கும் 2019க்கும் இடையே பாதிக்குக் கீழ் இறங்கியதற்குக் காரணமும், எந்தக் குடியானவரும் எருக்குழியைத் திருத்தியதன்று. கழுதைகள் போய்விட்டன என்பதே.

மேற்கு ஐரோப்பாவிற்கு 0.46க்குப் பதிலாக 0.26 என்று வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். எடைக்கு எடை அந்நாட்டுக் கழுதைகள் குறைவாய்க் கழிப்பதாகப் பட்டியல் கொள்கிறது. ஆடி மாதத்தில் காய்ந்த புல்லையும் சுவரொட்டிக் காகிதத்தையும் தின்று திரியும் ஊர்க் கழுதை உண்மையில் 0.46 வீதம் கழிக்குமா என்பது ஐயத்திற்குரியது. வறண்ட நாட்டில் தோன்றிய இப்பிராணி, தீனியில் சத்துக் குறையும்போது யூரியாவைச் சிறுநீரில் விடாமல் குடலுக்கே திருப்பி அனுப்பிக்கொள்ள வல்லது. ஆதலின் 22 கிலோ என்பதை ஒரு மேல்வரம்பாகக் கொள்வது நலம்.

பட்டியலைக் காட்டிலும் அதற்கு அடிப்படையான நெறிகளே குடியானவர்க்குப் பயன்படுவன. 2006ஆம் ஆண்டு நெறியின்படி, நிலத்தில் இட்ட எருவிலும் மேய்ச்சலில் விழுந்த எருவிலும் நூற்றுக்கு 20 பங்கு தழைச்சத்து ஆவியாகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது 21 ஆயிற்று. கசிவுக்கு 2006இல் நூற்றுக்கு 30, 2019இல் 24. ஆனால் கசிவுச் சேதம் எங்கும் கணக்கிடப்படுவதில்லை. மழைக்காலத்து மழை, அக்காலத்தில் ஆவியாகும் நீரையும் மண் பிடித்துவைக்கும் நீரையும் விஞ்சினால் மட்டுமே கசிவு உண்டென்று கொள்வர். அல்லது இறவைப் பாசனம் இருத்தல் வேண்டும். அதிலும் சொட்டு நீர்ப் பாசனத்திற்கு விலக்கு உண்டு. இதன்படி 22 கிலோவில், மழை மிகுந்த ஐரோப்பிய வயலில் 4.4 கிலோ வானத்திற்கும் 6.6 கிலோ நிலத்தடி நீருக்கும் போகும். மல்லாங்கிணற்றுக் கரிசலில் 4.4 கிலோ வானத்திற்குப் போவதோடு கணக்கு முடியும்.

இவ்வளவில் நின்றுவிட்டால் வறண்ட நாட்டான் பாக்கியவான் என்று தோன்றும். ஆனால் அந்த 20 என்னும் எண்ணிற்குப் பக்கத்திலேயே, அது 5 முதல் 50 வரை இருக்கக்கூடும் என்றும் நெறியில் எழுதியிருக்கிறது. நூற்றுக்கு 5 என்றால் 22 கிலோவில் 1 கிலோ சேதம். 50 என்றால் 11 கிலோ, அதாவது அரை மூட்டை யூரியா. நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைவிட, ஒரே ஊரில் ஒரு குப்பைமேட்டிற்கும் மற்றொன்றிற்கும் உள்ள வேறுபாடு பெரிதாய் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

நைட்ரஸ் ஆக்ஸைடாக மண்ணிலிருந்து நேரே போவது மிக அற்பம். கழுதை மேயும் நிலத்திற்கு 2006இல் நூற்றுக்கு 1 என்றிருந்தது 2019இல் 0.3 ஆகக் குறைக்கப்பட்டது. கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதால் உலகிற்கு அது கவலை. குடியானவரின் எருக் கணக்கில் அது தெரியாது.

ஈரநாட்டு முறையும் வறள்நாட்டு அனுபவமும்

ஈரநாட்டினர் அஞ்சுவது கசிவையே. ஐரோப்பியச் சமூகம் 1991இல் நைட்ரேட்டு விதியொன்றை இயற்றி, நீர்நிலைகளுக்கு ஆபத்துள்ள பகுதிகளில் கால்நடை எருவின் மூலம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவிற்கு மேல் தழைச்சத்து இடலாகாதென்று வரையறுத்தது. பயிரில்லாத குளிர்கால மாதங்களில் எரு இடுவதற்கும் தடை உண்டு. 170 கிலோ என்பது ஆசிய விகிதப்படி ஏழெட்டுக் கழுதைகளின் ஆண்டுக் கழிவு. அவ்வளவு எரு ஒரு ஹெக்டேருக்குக் கிடைப்பதாயின் மல்லாங்கிணற்றுக் குடியானவர் விழா எடுப்பார்! அந்த விதியை இங்கே படித்துப் பிரயோஜனமில்லை. நெதர்லாந்து தேசத்தார் எருவை மேலே பரப்பி விடாமல் உடனே மண்ணுக்குள் புகுத்த வேண்டும் என்று 1990களில் கட்டாயப்படுத்தியதோ, அம்மோனியாவைத் தடுப்பதற்காகச் செய்தது. அது கரிசல் காட்டிற்கும் பொருந்தும்.

வறள்நாட்டில் கசிவு எத்துணைச் சிறிது என்பதற்கு எகிப்து தேசமே சாட்சி. பாழான பழைய ஊர்களின் மேடுகளில் மண்சுவர்களும் மனிதர், மிருகங்களின் கழிவும் மக்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தன. மழை இல்லாமையால் அவற்றின் நைட்ரேட்டு கரைந்தோடாமல் தங்கிற்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குடியானவர்கள் அம்மேடுகளைத் தோண்டிக் கழுதை மேலேற்றிக் கொண்டுபோய் வயலுக்கிட்டார்கள். அமர்னா என்னுமிடத்தில் 1887இல் கிடைத்த புகழ்பெற்ற களிமண் எழுத்துப் பலகைகள் இவ்வாறு எருமண் தோண்டியபோதே அகப்பட்டன என்பர். புராதன வஸ்து ஆராய்ச்சியாளர்க்கு அது பெருநஷ்டம்; பயிருக்கு லாபம்.

பீகாரில் மாட்டுத் தொழுவங்களின் அருகேயும் பழஞ்சுவர்களின் அடியிலும் பூத்த உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர் நூனியா என்னும் வகுப்பார். 17ஆம் நூற்றாண்டு முதல் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதைப் பாட்னா வழியே கப்பலேற்றினர். சிறுநீரின் தழைச்சத்து மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகி, சாம்பல் உப்போடு கூடி வெடியுப்பாவதே அதன் இரகசியம். இன்று சிவகாசியில் வாணத்திற்கு வேண்டும் வெடியுப்பு இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. ஆயினும் மத்தாப்பில் எரியும் நைட்ரேட்டும் பருத்திச் செடியின் வேர் உறிஞ்சும் நைட்ரேட்டும் ஒரே வகைப் பொருள் என்பதை இப்பகுதியார்க்கு எடுத்துச் சொல்வது எளிது.

விருதுநகர்ப் பகுதி எகிப்தைப்போல் மழையற்றதன்று. ஆண்டிற்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பாகம் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் மழையாகவே கொட்டும். செம்மண்ணிலும் கிணற்றுப் பாய்ச்சல் நிலத்திலும் அப்போது கசிவு உண்டு. குடிநீர்க் கிணற்றை ஒட்டிக் கழுதை கட்டுவதும் எருக்குழி தோண்டுவதும் ஆகா. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்தியத் தர நிர்ணயம்.

சேதம் நேரிடும் விதம்

சிறுநீரின் யூரியா தரையில் விழுந்து ஓரிரு நாளிலேயே நுண்ணுயிர்களின் செய்கையால் அம்மோனியாவாய் மாறுகிறது. கழுதை கட்டிய இடத்தில் காலையில் மூக்கைத் துளைக்கும் நவச்சார வாடையே அது. வெப்பம், காற்று, காரத்தன்மை ஆகிய மூன்றும் அம்மோனியாவை வெளியேற்றுவன. இம்மூன்றும் மல்லாங்கிணற்றில் குறைவின்றி உண்டு. சித்திரை வெயில், ஆடிக் காற்று, சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்.

இவை இயற்கை. இவற்றோடு வழக்கத்தால் வந்த குற்றங்கள் இரண்டு சேர்கின்றன. அடுப்புச் சாம்பலைக் குப்பைமேட்டில் கொட்டுவது முதலாவது. சாம்பல் நல்ல உரமே; ஆனால் அது காரமுடையது. சூடேறிய விட்டையோடு சேர்ந்தால் அம்மோனியாவைத் துரத்திவிடும். சாம்பலைத் தனியே சேமித்து, தனியே நிலத்தில் தூவ வேண்டும். இரண்டாவது குற்றம் இதனினும் பெரிது. பங்குனி, சித்திரையில் வேலை ஓய்ந்திருக்கும்போது எருவை வண்டியில் கொண்டுபோய்ப் புஞ்சையில் சிறு சிறு குவியல்களாகத் தட்டிவிட்டு, மழை வரும் வரை மாதக்கணக்கில் வெயிலில் போட்டுவைக்கிறார்கள். குவியல் காய்ந்து, இலேசாகி, காற்றில் பறக்கும் சருகாய் நிற்கும். அதைப் புரட்டாசியில் உழுது மூடும்போது நாரும் சிறிது மணிச்சத்தும் மண்ணுக்குச் சேரும். விரைந்து பலன் தரும் தழைச்சத்து வைகாசிக்கு முன்பே போயிருக்கும். வண்டிக்கூலி மட்டும் முழுதாய்க் கொடுத்தாயிற்று.

மண் படுக்கை

எகிப்தியக் குடியானவர் மாடும் எருமையும் கழுதையும் கட்டும் தொழுவத்தில் உலர்ந்த மண்ணைப் பரப்புவது தொன்றுதொட்டு வந்த முறை. சிறுநீர் ஊறிய மண்ணும் சாணமும் மிதிபட்டுக் கலந்தபின், அதை வாரிக் குவித்துக் கழுதை மேலேயே வயலுக்கு அனுப்புவர். 'ஸெபாக் பலதி' என்பது அவ்வெருவின் பெயர். சீன தேசத்திலும் மண்ணோடு எருவை மக்கவைக்கும் வழக்கம் உண்டென்பதை 1909இல் அங்குச் சென்ற அமெரிக்கப் பேராசிரியர் கிங் விரிவாய் எழுதினார். வைக்கோல் அருகிய நாடுகளில் களிமண்ணே வைக்கோலின் வேலையைச் செய்கிறது. அம்மோனியாவைப் பிடித்துவைப்பதில் வைக்கோலைவிடச் சிறந்ததென்றே கூறலாம்.

மல்லாங்கிணற்றுப் பக்கத்தில் இதற்கு ஏற்ற பொருள் கண்மாய்க் கரம்பை. கோடையில் கண்மாய் வறண்டிருக்கும்போது கரம்பை எடுக்கும் வழக்கம் ஏற்கனவே உள்ளது. விவசாயத்திற்குக் கட்டணமின்றி மண் எடுக்க 2024 முதல் தாசில்தாரிடமே அனுமதி பெறலாம். வழக்கம்போல் கரம்பை முழுவதையும் நேரே புஞ்சையில் தட்டாமல், ஒரு பகுதியை நொறுக்கி உலர்த்தி, மழை படாமல் கூரைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கழுதையோ மாடோ கட்டும் தரையைக் களிமண்ணால் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் நான்கு விரற்கடை உயரம் கரம்பைத் தூள் பரப்ப வேண்டும். ஈரமான இடத்தில் அன்றன்று ஒரு கூடை தூவினால் போதும். வாடை எழுமாயின் தூள் போதவில்லை என்று அறிக. மூக்கைவிடச் சிறந்த கருவி இதற்கு வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறை படுக்கையை விட்டையோடு வாரி, வேம்பு அல்லது புளிய மரத்து நிழலிலுள்ள குழியில் இட்டு மிதித்து, மேலே மண் போட்டு மெழுக வேண்டும். காற்றுப் புகாதபடி இறுக்கினால் சூடு தணியும். முற்றிலும் உலரவும் விடலாகாது. விட்டையில் செரியாத களை விதைகள் இருக்குமாதலால் மக்காத பச்சை எருவை இடுவது ஆகாது. மானாவாரிப் பயிர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் ஊட்டமேற்றிய தொழு உரத்திற்கும் இம்மண்ணெரு ஏற்றது. ஹெக்டேருக்கு 750 கிலோ மக்கிய எருவோடு சிபார்சு செய்த சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஒரு மாதம் மூடிவைத்து இடுவது அம்முறை. சூப்பரின் புளிப்பும் அதிலுள்ள ஜிப்சமும் அம்மோனியாவைக் கட்டிவைக்கும்.

எருவை நிலத்திற்குக் கொண்டுபோவது விதைப்புக்கு முன் உழவு நடக்கும் நாளிலேயே இருக்க வேண்டும். டிராக்டர் எந்நாள் வரும் என்று தெரிந்த பின்னரே வண்டி பூட்டுதல் உத்தமம். காற்று அடங்கிய மாலையில் பரப்பி மறுநாள் காலைக்குள் உழுதுவிட்டால் பெரும்பாகம் தங்கும். உழவு தவறினால் குவியலைக் கலைக்காமல் மேலே ஒரு சாண் மண் மூடிவைக்கலாம். குதிரை இனத்து விட்டையில் இரண ஜன்னியை உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு; காலிலோ கையிலோ காயமுள்ளவர் அதை மிதிப்பதும் அள்ளுவதும் கூடாது. கீறல் பட்டால் ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, யாருடைய எரு என்பது ஒன்று உண்டு. கழுதை உடையோர்க்குப் பெரும்பாலும் நிலமில்லை. நிலம் உடையோர் கழுதை வைத்திருப்பதில்லை. நிலமில்லாதவர் எருவைப் பேணுவதற்குக் காரணம் எதுவும் இல்லாததால் அது வெயிலில் கிடக்கிறது. ஆட்டுக்கிடைக்கு இரவுக்கு இவ்வளவென்று பேசிக் கொடுப்பதைப்போல் இதற்கும் ஓர் ஏற்பாடு செய்யலாம். கரம்பைத் தூளைக் குடியானவரே கொண்டுவந்து கொடுத்து, கூடைக் கணக்கில் படுக்கை எருவை விலைக்கு வாங்கிக்கொள்வது ஒரு வழி. விலையை விட்டைக்கு மட்டும் பேசாமல் ஊறிய மண்ணுக்கும் சேர்த்துப் பேச வேண்டும். இல்லையேல் அந்த மண் தரையிலேயே நிற்கும். அண்மையில் தமிழ்நாட்டில் தோன்றிய கழுதைப்பால் பண்ணைகளில் பல கழுதைகள் ஒரே கொட்டிலில் நிற்பதால், அங்கே இவ்வேற்பாடு இன்னும் எளிது.

இவ்வாண்டுக் கண்மாய்கள் வற்றும் பங்குனி, சித்திரையே கரம்பை சேமிக்கும் காலம். ஒரு கழுதைக்கு ஆண்டு முழுதும் எத்தனை வண்டி கரம்பை வேண்டும் என்பது தரையின் அளவையும் கட்டிவைக்கும் நேரத்தையும் பொறுத்தது. முதலில் ஒரு வண்டி சேர்த்து ஒரு மாதம் பார்த்தால் கணக்குத் தானே புலப்படும்.